வெள்ளிக்கிழமை 'வரை', வெள்ளிக்கிழமைக் 'குள்': ஆங்கிலத்தில் நான் தவறவிடும் சொற்கள்

மேலூர்ப் பொண்ணு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் மதுரையில் பி.காம். மூன்று வருஷமாக விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில் சுங்குடிப் புடவை மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்க்கிறேன். கணக்கு எழுதத்தான் சேர்ந்தேன். முதலாளிக்கு ஆங்கிலம் வராது. அதனால் வெளியூர்க் கடைகளுக்கு மெயில், வாட்ஸ்அப் எழுதுவதும் என்னிடம் வந்து சேர்ந்தது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். புனேயில் ஒரு கடை 80 புடவை கேட்டது. சாயப்பட்டறையிலிருந்து சரக்கு வர வியாழன் ஆகும், வெள்ளிக்குள் அனுப்பிவிடலாம் என்றார் முதலாளி. நான் எழுதியது: 'வீ வில் சென்ட் த சாரீஸ் டில் ஃபிரைடே.' இன்று தொடங்கி வெள்ளி வரை கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டே இருப்போம் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். புதன்கிழமை வரை ஒரு பார்சல்கூடக் கிளம்பவில்லை என்றதும் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். இங்கே வியாழன் சாயங்காலம் 80 புடவையையும் மடித்து, கவர் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, மேலே புனே விலாசத்தை மார்க்கரில் எழுதி முடித்த பிறகு 'வேண்டாம்' என்று மெசேஜ் வந்தது. முதலாளி திட்டவில்லை. 'விடும்மா' என்று சொல்லிவிட்டு அவரே கத்தியை எடுத்து டேப்பைக் கீறினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து நான் அனுப்பிய பழைய மெயில்களை எல்லாம் படித்தேன். 'வீ டோன்ட் வான்ட் டு லூஸ் யுவர் ஆர்டர்' என்ற இடத்தில் இரண்டு ஓ போட்டிருக்கிறேன். 'ஐ யாம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று ஒரு இடம். எங்கள் புடவையைப் பற்றிய குறிப்பில் 'இட்ஸ் நாட்ஸ் ஆர் டைட் பை ஹேண்ட்' என்ற வரியில் இட்ஸுக்கு மேலே கமா. அதே குறிப்பில் 'மதுரை சுங்குடி ஹேஸ் ரிசீவ்டு ஜிஐ டேக் இன் 2005' என்றும் எழுதியிருக்கிறேன் (ஜிஐ டேக் என்றால் புவிசார் குறியீடு). அதுவும் தப்பு என்று ஒருவர் சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை. அஃபெக்ட், எஃபெக்ட் எனக்கு எப்போதும் குழப்பம்.

இலக்கணப் புத்தகம் வாங்கிப் படித்தேன். படிக்கும்போது புரிகிறது, கை எழுதும்போது மறந்துவிடுகிறது. வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருக்கும்போது யோசிக்க நேரமும் இருப்பதில்லை. இந்தச் சொற்களை நீங்கள் எப்படிப் பிரித்து நினைவில் வைக்கிறீர்கள்?


யானைமலை நிழல் எழுதியது:

அக்கா, நான் ஒத்தக்கடை. பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன். 2023 ஜூலையில் நத்தம் ரோட்டில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில்தான் பகல் முழுக்க இருப்பேன். எங்கள் பரீட்சையில் பிழை கண்டுபிடிக்கும் பகுதி என்று ஒன்று வரும், அதற்காக நான் சேர்த்து வைத்திருப்பதில் இரண்டு சொல்கிறேன்.

லூஸ் இரண்டையும் நாம் தமிழில் ஒரே மாதிரி எழுதுகிறோம், ஒரே மாதிரி சொல்கிறோம், அதனால்தான் குழப்பம். தொலைத்தவனிடம் ஒரு ஓ-தான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டை தொளதொளவென்று இருந்தால் உள்ளே இடம் நிறைய, இரண்டு ஓ.

ஸ்டேஷனரி: பேப்பர், பேனா விற்கிற கடை என்றால் கடைசியில் ஈ-ஆர்-ஒய், கவருக்கு ஆங்கிலத்தில் என்வலப், அதன் முதல் எழுத்து ஈ. அசையாமல் நிற்கிற வண்டி என்றால் ஏ-ஆர்-ஒய். நம் ஊர்க் கடைப் பலகைகளிலேயே இரண்டு விதமாகவும் பார்க்கிறேன்.

தினமும் ராத்திரி பத்துச் சொல் எழுதிப் பாருங்கள். எனக்கு அதுதான் கைகொடுக்கிறது.


ஓய்வு வாத்தியார் எழுதியது:

அம்மா, நான் உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளிகளில் 31 வருஷம் ஆங்கிலம் எடுத்தவன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் கேட்டதற்கான பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. முதலாளி சொன்னதைத் தமிழில் எழுதும்போது 'வெள்ளிக்குள் அனுப்பிவிடலாம்' என்று எழுதினீர்கள். அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டதை எழுதும்போது 'வெள்ளி வரை' என்று எழுதினீர்கள். ஒரு இடத்திலும் உங்களுக்குக் கை தடுமாறவில்லை. அந்த வித்தியாசம் உங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். ஆங்கிலச் சொல்லைத்தான் அதோடு சேர்த்துக் கட்டவில்லை.

அதனால் சொற்களை ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்வதைவிட, தமிழ் விகுதியோடு முடிந்து வையுங்கள். 'வரை' என்றால் டில். 'க்குள்' என்றால் பை. 'கடை ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்கும்' என்பதில் திறந்திருப்பது ஒன்பது மணி வரை நீளுகிறது. 'ஒன்பதுக்குள் வந்துவிடு' என்பதில் வருவது ஒரே ஒரு தடவை. புடவையை அனுப்புவதும் ஒரு தடவை நடக்கிற காரியம். ஆகவே பை ஃபிரைடே.

இதில் ஒரு பள்ளம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'மூன்று நாளுக்குள்' என்றாலும் தமிழில் 'க்குள்'தான். ஆங்கிலத்தில் அங்கே விதின் வரும், விதின் த்ரீ டேஸ். நாளின் பெயரோ தேதியோ இருந்தால் பை, இத்தனை நாள் என்று அளவு இருந்தால் விதின். நம் பிள்ளைகள் 'விதின் ஃபிரைடே' என்று எழுதுவது இந்த ஒரே 'க்குள்' செய்கிற வேலை.

சின்ஸ், ஃபார் இரண்டும் அதைவிட எளிது. '2022-லிருந்து', 'திங்கட்கிழமையிலிருந்து' என்று தொடங்கிய இடத்தைச் சொன்னால் சின்ஸ். 'மூன்று வருஷமாக', 'இரண்டு நாளாக' என்று நீளத்தைச் சொன்னால் ஃபார். நீங்களே 'மூன்று வருஷமாக' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், 'மூன்று வருஷத்திலிருந்து' என்று எழுதவில்லை. ஆனால் 'வருகிற திங்களிலிருந்து' என்று இனிமேல் தொடங்கப்போவதைச் சொன்னால் அங்கே ஃப்ரம், சின்ஸ் இல்லை.

இங்கே தமிழ் நம்மைக் கைவிடுகிற இடம் வினைச்சொல். நாம் 'மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன்' என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். தமிழில் அது முழுசாகச் சரி. ஆங்கிலம் அதை ஏற்காது. முன்னால் தொடங்கி இன்னும் நடக்கிறது என்பதை வினையிலும் காட்டச் சொல்லும். 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.'

31 வருஷத்தில் என் மேசைக்கு வந்த லீவு லெட்டர்களில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும். 'ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்.' நோட்டிலிருந்து கிழித்த தாள், ஓரத்தில் கம்பி பிரிந்த பல் பல்லான கிழிசல், அடியில் அப்பாவின் கையெழுத்து, சில சமயம் கைநாட்டு. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கும் அதே வரியைத்தான் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சின்ஸை அடித்து ஃபார் என்று எழுதுவேன். ரொம்ப காலம் அதோடு விட்டுவிட்டேன், வினையைத் திருத்தவில்லை. 'ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்' என்று முழு வரியாகப் போர்டில் எழுதிப்போட்டது கடைசிப் பத்து வருஷத்தில்தான். முன்னால் படித்த பிள்ளைகளுக்கு நான் பாதிதான் கொடுத்தேன் என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2005 விஷயம். வருஷத்தையோ நாளையோ பெயர் சொல்லிக் குறித்துவிட்டால் ஹேஸ் வராது. 'ரிசீவ்டு இன் 2005', அவ்வளவுதான். வருஷத்தை எடுத்துவிட்டு, கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொல்வதானால் 'ஹேஸ் ரிசீவ்டு' சரி. நம் பேச்சில் 'நேத்தே வந்திருக்கேன்' என்று வரும் இல்லையா, அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்திலும் கூட வருகிறது.

இட்ஸ்: 'அதன் முடிச்சுகள் கையால் போடப்பட்டவை.' 'அதன்' வந்தால் கமா கிடையாது. ஹிஸ், ஹெர் என்பவற்றுக்கு நாம் கமா போடுவதில்லையே, இதுவும் அந்தக் குடும்பம். 'அது கைவேலை' என்று சொல்ல வந்தால் இட் இஸ், அதைச் சுருக்கினால் கமா. சந்தேகம் வந்தால் இட் இஸ் என்று விரித்துப் படியுங்கள். 'இட் இஸ் நாட்ஸ்' என்று படித்ததுமே உங்கள் காது சொல்லிவிடும். யுவர், யூ ஆர் குழப்பத்துக்கும் இதே வழி. 'உன்' என்றால் ஒன்று, 'நீ' என்றால் மற்றது.

அஃபெக்ட், எஃபெக்ட்: 'மழை வியாபாரத்தைப் பாதித்தது', 'மழையின் பாதிப்பு'. பாதித்தது என்கிற வினை ஏ-யில் தொடங்கும், பாதிப்பு என்கிற பெயர் ஈ-யில் தொடங்கும். எஃபெக்ட் வினையாக வருகிற இடமும் ஒன்று உண்டு, கடைக் கடிதத்துக்கு அது தேவைப்படாது. அட்வைஸும் இப்படித்தான். அறிவுரை என்கிற பெயருக்கு சி, அறிவுறுத்து என்கிற வினைக்கு எஸ். பிராக்டிஸில் பிரிட்டிஷ்காரர்கள் மட்டும் இதே முறையில் எழுதுவார்கள், அமெரிக்கர்கள் இரண்டுக்கும் சி போடுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்குப் பிடித்தது. 'டிட் நாட் வென்ட்' என்று எழுதுகிறார்கள். தமிழில் 'போனவில்லை' என்று யாராவது சொல்வார்களா? போனேன், போகவில்லை. இல்லை என்பது வந்ததும் 'போன' என்பது 'போக' என்று திரும்பிவிடுகிறது. டிட் நாட் வந்ததும் வென்ட் அப்படித்தான் கோ ஆகிவிடும். வகுப்பில் இதைச் சொன்ன அன்றைக்குக் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, 'சார், அப்ப வரவில்லை, சாப்பிடவில்லை, எல்லாமே அப்படித்தானா?' என்று கேட்டு, தானே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். அதன் பிறகு அவன் அந்தத் தப்பைச் செய்யவே இல்லை.

அதே மாதிரி 'என் நண்பர்களில் ஒருவர்'. தமிழில் 'நண்பரில் ஒருவர்' என்று சொன்னால் நமக்கே இடிக்கும். ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் என்று அந்த எஸ்ஸை விடாமல் எழுதுங்கள்.

எல்லா இடத்திலும் தமிழ் கை கொடுக்காது, அதையும் ஒளிக்கக் கூடாது. 'தகவல்கள்' என்று நாம் சொல்வதால் இன்ஃபர்மேஷனுக்கு எஸ் போட்டுவிடுகிறோம். ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட் எல்லாம் ஆங்கிலத்தில் அரிசி, மாவு மாதிரி. அரிசிகள் என்று நாம் கடையில் கேட்பதில்லை. 'விலையைப் பற்றிப் பேசினோம்' என்பதால் 'டிஸ்கஸ் அபௌட்' என்று வருகிறது. டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது. 'ரிட்டர்ன் பேக்', 'ரிப்ளை பேக்' இரண்டிலும் அந்த பேக் வேண்டாம். 'இன்றைக்கே' என்பதற்கு 'டுடே இட்செல்ஃப்' என்று எழுதுகிறோம். நம் நாட்டுக்குள் எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டுக் கடிதத்தில் டுடே என்று மட்டும் எழுதினால் போதும்.


இரவுப் பணி அக்கா எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. ஒவ்வொரு தடவையும் தமிழுக்குப் போய்விட்டு ஆங்கிலத்துக்கு வந்தால் அந்தப் பொண்ணுக்கு வேகம் எப்போது வரும்? தமிழில் நினைத்து மாற்றி எழுதுவதால்தான் பாதித் தப்பே வருகிறது என்று நான் நினைக்கிறேன்.

நான் அண்ணா நகரில் இருக்கிறேன், ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக ராத்திரி ரிசப்ஷன். உள்ளே படுத்திருக்கிற பெரியவர்களின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள், அவர்களுக்கு நிலவரம் எழுதுவது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு, வலியில் கத்திக்கொண்டிருந்த ஒரு தாத்தா ஊசி போட்ட பிறகு அமைதியானார். 'யுவர் ஃபாதர் இஸ் குவயட் நௌ' என்று எழுத நினைத்தேன். கடைசியில் ஈ-யும் டி-யும் இடம் மாறி, 'ரொம்ப' என்கிற 'குவைட்' ஆகிவிட்டது. மகன் உடனே போன் செய்தார். 'குவைட் என்றால் குவைட் என்ன? ரொம்ப முடியவில்லையா? என்னிடம் எதையோ மறைக்கிறீர்களா?' என்று அழுதுவிட்டார். அந்தக் குரலை நான் மறக்கவே இல்லை. 'ஐயா, அப்பா அமைதியாகத் தூங்குகிறார்' என்று நான் தமிழில் மூன்று தடவை சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

கம்ப்யூட்டர் அதற்குச் சிவப்புக் கோடு போடவில்லை. ஏனென்றால் இரண்டுமே ஆங்கிலத்தில் இருக்கிற சொற்கள். 'அப்புறம்' என்கிற தென், 'விட' என்கிற தேன் இரண்டும் மாறினாலும் பெரும்பாலும் இப்படித்தான் தப்பிவிடும். அகராதியில் இல்லாத சொல்லைத்தான் அது பிடிக்கும். இப்போது வருகிற சில செயலிகள் வாக்கியத்தையும் பார்த்துச் சொல்கின்றன, ஆனாலும் முழுசாக நம்பிவிட முடியாது.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். அனுப்புவதற்கு முன் வாய்விட்டு ஒரு தடவை படிப்பேன், எழுத்தில் இருப்பதை அப்படியே. இன்னொன்று, சந்தேகம் வருகிற சொல்லை விட்டுவிட்டு வேறு சொல் போடுவேன். குவயட் வேண்டாம், 'ஹி இஸ் ஸ்லீப்பிங்' என்று எழுதினால் யாருக்கும் பயம் வராது. நீயும் டில், பை இரண்டையும் விட்டுவிட்டு, 'த பார்சல் வில் லீவ் மதுரை ஆன் ஃபிரைடே' என்று எழுதியிருக்கலாம் கண்ணு.


ஓய்வு வாத்தியார் எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்ன வழியில் எழுதினால் தப்புக்கு இடமே இல்லை. 'லீவ் மதுரை ஆன் ஃபிரைடே' என்பது நான் எழுதியிருக்கக்கூடியதைவிடத் தெளிவாக இருக்கிறது. சந்தேகச் சொல்லைத் தவிர்ப்பதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே இல்லை, பரீட்சைக்கு ஆகாது என்று விட்டுவிட்டேன். வேலை செய்யும் இடத்துக்கு அதுதான் வேண்டும்.

தமிழ் வழியாகப் போவதை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. குழந்தைக்கு நடைவண்டி கொடுக்கிற மாதிரிதான் அது, கொஞ்ச காலத்துக்கு. உங்களுக்கு ஒன்பது வருஷப் பழக்கம், காது பழகிவிட்டது. அந்தப் பொண்ணுக்கு இப்போதைக்கு உறுதியாகத் தெரிந்தது தமிழ்தான். அங்கே நின்றுகொண்டு எட்டிப் பார்க்கட்டும். நேரமில்லை என்கிறார்களே, 'வரையா, க்குள்ளா' என்று கேட்டுப் பார்க்க ஒரு நொடி போதும்.


மேலூர்ப் பொண்ணு எழுதியது:

ஐயா, அக்கா, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. பத்து நாளாகச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். பில் புத்தகத்தின் கடைசி அட்டையில் 'வரை, க்குள், இலிருந்து, ஆக, அதன், அது, பாதித்தது, பாதிப்பு' என்று தமிழில் எழுதி, எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதி ஒட்டியிருக்கிறேன். தம்பி சொன்ன ஓ கணக்கையும் ஓரத்தில் குறித்துவிட்டேன். வாய்விட்டுப் படிப்பதைத்தான் கடையில் செய்யக் கூச்சமாக இருக்கிறது. மாடிப்படிக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன்.

புடவைக் குறிப்பைத் திருத்தி எழுதி எல்லாக் கடைகளுக்கும் அனுப்பினேன். நேற்று அதே புனே கடையிலிருந்து 60 புடவை கேட்டு மெசேஜ். முதலாளி, 'தேதியை நல்லாப் போடும்மா' என்று மட்டும் சொன்னார். 'ஆல் 60 சாரீஸ் வில் லீவ் மதுரை இன் ஒன் பார்சல் பை த ட்வென்டியத்' என்று எழுதினேன். 'தமிழில் சொல்லு' என்றார். 'இருபதாம் தேதிக்குள்ள அறுபதும் ஒரே பார்சலாக் கிளம்பிரும்' என்றேன். சரி, அனுப்பு என்றார்.

அனுப்பின பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. பை ட்வென்டியத் என்றால் இருபதாம் தேதியும் சேருமா? சரக்கு அன்றைக்கு மத்தியானம்தான் பட்டறையிலிருந்து வரும்.


ஓய்வு வாத்தியார் எழுதியது:

சேரும். இருபதாம் தேதி சாயங்காலம் கிளம்பினாலும் நீங்கள் எழுதியது எழுதியபடி நடந்ததாகத்தான் கணக்கு. பிஃபோர் என்று எழுதியிருந்தால் பத்தொன்பதோடு முடிந்திருக்கும். பெட்டியையும் டேப்பையும் காலையிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.